பின்சில்லின் பொறுமை

ஊவாத் தோட்டங்களின் கல்றோட்டில் ஒருமுறையேனும் லொறியின் பின்தட்டில் ஏறிச் சென்றவர்களுக்கு நாம் கூறப்போகும் செய்தி எளிதில் விளங்கும். முன்னால் சாரதியின் பக்கத்தில் அமர்ந்தவர் ஆறுதலாக வெற்றிலை மெல்லுகிறார். பின்தட்டில் நிற்பவரோ, நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் ஊர்போய்ச் சேர்ந்தால் போதும் என்று குலதெய்வத்தை வேண்டுகிறார். லொறி ஒன்று, பாதை ஒன்று, வேகமும் ஒன்று. ஆயினும் பின்னால் இருப்பவருக்கே பெரும்பாடு.

மோட்டார் சைக்கிளின் நிலையும் இதுவே. ஓட்டுபவரின் பாரத்திற் பெரும்பகுதி, சங்கிலியின் இழுவை, மேட்டிலிருந்து பாய்ந்து விழும்பொழுது தரை திருப்பிக் கொடுக்கும் அடி ஆகியவற்றையெல்லாம் பின்சில்லு சுமக்கிறது. பந்தயப் பாதையிலோ இச்சுமை பன்மடங்காகிறது. ஆனால் பந்தயம் என்றதும் நம் இளைஞர்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள்? எஞ்சினைப் பற்றிப் பேசுகிறார்கள். அது எழுப்பும் ஓசையைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆசனத்தின் அடியில் மறைந்திருக்கும் ஓர் உருளையையும், அதனைச் சுற்றியுள்ள சுருள்வில்லையும் நினைப்பவர் ஒரு சிலரே.

அந்த ஒரு சிலருள் இருவரைப் பதுளையில் நாம் சந்தித்தோம். அவர்களிடம் கண்டதையும் கேட்டதையும் வாசகர்களுக்குக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். இதில் இயந்திர நுட்பம் வருகிறது என்பதற்காக இல்லத்தரசிகள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஒரு தாயின் சீட்டுப் பணமும் இக்கதையில் வருகிறது.

நரி காவல் நிற்கும் மலை

பதுளை மாவட்டத்துக்கும் மோட்டார்ப் பந்தயத்துக்கும் உள்ள உறவு புதியதன்று. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில், புற்கள் படர்ந்த குன்றுகளின் நடுவே தியத்தலாவை அமைந்திருக்கிறது. 1900ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட போயர் போர்க்கைதிகள் இங்கேதான் அடைத்துவைக்கப்பட்டனர். பின்னர் இவ்வூர் இராணுவப் பயிற்சிக்குப் பெயர்பெற்றது. கடந்த நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் 'பொக்ஸ்' என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலின் மாலுமிகள் இங்கு வந்து தங்கியபொழுது, தம் கப்பலின் நினைவாக ஒரு மலைச்சரிவில் வெண்கற்களால் நரி உருவமொன்றை அமைத்தனர். அம்மலையின் பெயரைத் தாங்கியதே 'பொக்ஸ் ஹில்' மண்பாதைப் பந்தயம். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் அங்கே புழுதி பறக்க ஓடுவதைக் காண, அப்புத்தளையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக மக்கள் சென்றுவந்தனர்.

மலையகத்துக்கு அப்பாலும் இவ்விளையாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. நுவரெலியாவின் மாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. களுத்துறையை அடுத்த கட்டுக்குருந்தையில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதையே பிற்காலத்தில் பந்தயத் தடமாயிற்று.

தோட்டத்து மக்களுக்கோ மோட்டார் சைக்கிள் என்பது முதலில் விளையாட்டுப் பொருளாக அறிமுகமாகவில்லை. அது சின்னத்துரையின் வாகனம். மலையின் மறுபக்கத்தில் அதன் ஓசை கேட்டவுடன் கொழுந்து நிரையில் பேச்சு அடங்கும். கங்காணியின் குரல் உயரும். அந்த வாகனத்தின் மீது இன்று தொழிலாளியின் மகன் ஏறி அமர்ந்து, பந்தயத்திலும் ஓட விரும்புகிறான் என்றால், அதனை வெறும் விளையாட்டு என்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை.

பாஸின் கராஜில்

பசறை வீதியோரத்தில் தகரக் கூரை வேய்ந்த ஒரு சிறு கராஜ். அதன் உரிமையாளரை எல்லாரும் 'பாஸ்' என்றே அழைக்கின்றனர். கைத்தொழில் வல்லவரை அவ்வாறு அழைப்பது இந்நாட்டு வழக்கம். அறுபதைக் கடந்த அவர், இளமையில் ஒரு தோட்டத்து ஸ்டோரில் பிட்டராக இருந்தவர். தேயிலை அரைக்கும் ரோலரின் ஓசையைக் கொண்டே அதன் நோயைக் கூறிவிடுவாராம்.

நாம் சென்றபொழுது, ஒரு பழைய ஜப்பானிய மண்பாதைப் பந்தய மோட்டார் சைக்கிள் கட்டையின் மீது நிறுத்தப்பட்டிருந்தது. பக்கத்தில் மெலிந்த உடலினராய் ஓர் இளைஞர் நின்றார். நமுனுகுல மலையடிவாரத்துத் தோட்டமொன்றில் வளர்ந்தவர். பகலில் நகரத்துக் கடையொன்றில் வேலை செய்பவர். வாகன இறக்குமதி 2020ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டு, 2022இல் நாட்டின் பொருளாதாரமும் நெருக்கடிக்குள்ளாகி, 2025இல்தான் இறக்குமதி மீண்டும் திறந்துவிடப்பட்டது. அந்த இடைக்காலத்தில் பழைய வண்டிகளைப் பழுதுபார்த்து ஓட்டுவது ஒரு கலையாகவே வளர்ந்துவிட்டது. இந்த வண்டியும் அவ்வாறு கைமாறி வந்ததே.

இளைஞர் தம் குறையைக் கூறினார்: "ஐயா, முதல் மூன்று சுற்று வண்டி நன்றாக ஓடுகிறது. நான்காவது சுற்றிலிருந்து பின்புறம் என் பேச்சைக் கேட்பதில்லை. மேட்டில் ஏறி இறங்கினால் பின்னாலிருந்து உதைக்கிறது. போன மாதம் என்னைத் தலைக்கு மேலால் தூக்கி எறிந்துவிட்டது."

அவருடைய இடது மணிக்கட்டில் அப்பொழுதும் கட்டு இருந்தது. வெளிநாட்டில் செய்யப்பட்ட விலையுயர்ந்த பின் ஷொக் ஒன்றை முழுமையாக வாங்கிப் பூட்டிவிட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஈராண்டுகளாகச் சேர்த்த பணமும், கொழுந்து பறிக்கும் தாயார் சீட்டுப் பிடித்து எடுத்த பணமும் அவர் கையில் இருந்தன. லயத்துக் கூரைத் தகரம் மாற்றுவதற்கென்று எடுத்த சீட்டு அது. மகன் மீண்டும் விழக்கூடாது என்பதற்காக அத்தாய் அதனைக் கொடுத்துவிட்டார்.

பாஸ் பணத்தைத் தொடவில்லை. "பணத்தைப் பையில் வை தம்பி. முதலில் அளந்து பார்ப்போம்" என்றார்.

வில்லும் எண்ணெயும்

பின்சில்லின் தாங்கு அமைப்பில் இரு பொருள்கள் இருவேறு தொழிலைச் செய்கின்றன. ஒன்று சுருள்வில், கராஜ் வழக்கில் ஸ்பிரிங். அது பாரத்தைத் தாங்குகிறது. அடி விழும்பொழுது சுருங்கி, அவ்வடியின் சக்தியைத் தன்னுள் சேமிக்கிறது. ஆனால் சேமித்ததை அது வைத்துக்கொள்வதில்லை. உடனே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. வில் மட்டுமே இருந்தால் வண்டி கட்டிற் குதிக்கும் குழந்தையைப் போலத் துள்ளிக்கொண்டேயிருக்கும்.

இரண்டாவது பொருள் உருளைக்குள் இருக்கும் எண்ணெய். ஒரு பிஸ்டன் அந்த எண்ணெயினூடே மேலும் கீழும் செல்கிறது. பிஸ்டனிலுள்ள சிறு துளைகளின் வழியாகவும், மெல்லிய உருக்குத் தகடுகளை வளைத்துக்கொண்டும் எண்ணெய் நெருக்கிப் பிடித்துச் செல்ல வேண்டியிருக்கிறது. அந்த நெருக்கத்தில் துள்ளலின் சக்தி வெப்பமாக மாறிவிடுகிறது. வில் அடியைத் தாங்குகிறது. எண்ணெய் துள்ளலை அடக்குகிறது.

இவ்வெப்பம் எவ்வளவு? வண்டி 100 கிலோ, ஓட்டுபவர் உடைகளோடு 70 கிலோ என்று கொள்வோம். ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து விழும்பொழுது பிறக்கும் சக்தி ஏறத்தாழ 2,500 ஜூல். அதிற் பாதியைப் பின்புறம் ஏற்று, அது முழுவதும் ஷொக்கினுள் உள்ள 350 மில்லிலீற்றர் எண்ணெயில் தங்கிவிடுமானால், ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் எண்ணெய் ஏறத்தாழ 2 பாகை செல்சியஸ் சூடேறும். ஒரு சுற்றில் பத்துப் பாய்ச்சல். பத்துச் சுற்று ஓட்டம். காற்றுப் பட்டு ஒரு பகுதி வெப்பம் வெளியேறினாலும், உருளை கையால் தொட முடியாதபடி கொதிப்பதில் வியப்பில்லை. சூடேறிய எண்ணெய் இளகுகிறது. இளகிய எண்ணெய் அடக்கும் திறனை இழக்கிறது. நான்காம் சுற்றில் நம் இளைஞருக்கு நேர்ந்தது இதுதான்.

இன்னோர் எதிரியும் உண்டு, அது நுரை. பிஸ்டன் விரைந்து அசையும்பொழுது அதன் பின்புறத்தில் அழுத்தம் குறைந்து குமிழிகள் தோன்றும். குமிழி நிறைந்த எண்ணெய் பிஸ்டனைத் தடுத்து நிறுத்தமாட்டாது. இதனைத் தவிர்க்கவே ஷொக்கின் பக்கத்திலுள்ள சிறு குடுவையில், வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 10 மடங்கு அழுத்தத்தில் நைதரசன் வாயு அடைக்கப்படுகிறது. ஈரமற்ற வாயுவாதலாலும், எண்ணெயைக் கெடுக்காததாலும் நைதரசனைத் தேர்ந்தனர். அந்த வாயு கசிந்துவிட்டால், வெளிப்பார்வைக்கு ஷொக் புதியதுபோல் இருந்தாலும் உள்ளே உயிர் இராது.

மகனுக்காகத் தந்தை செய்தது

தொடக்க காலத்து மோட்டார் சைக்கிள்கள் பலவற்றுக்குப் பின்புறத்தில் வில்லே இருந்ததில்லை. சில்லின் அச்சு நேரே சட்டத்தில் முறுக்கப்பட்டிருக்கும். ஆசனத்தின் அடியிலுள்ள இரு விற்களே ஓட்டுபவரின் முதுகெலும்புக்குத் துணை. 1928இல் இங்கிலாந்தின் பிலிப் வின்சென்ற் பின்புறம் அசையும் சட்டத்தைத் தம் வண்டிகளில் அமைத்தார். 1949இல் வெளிவந்த றோயல் என்பீல்ட் புல்லட், அசையும் பின்கரத்தோடும் இருபுறமும் இரு ஷொக்குகளோடும் வந்தது. 1955 முதல் சென்னையில் உருவாகிய அந்தப் புல்லட்டை அறியாத தமிழர் எவர்?

இரு ஷொக்குகள் ஒன்றாகிய கதை சுவையானது. பெல்ஜியம் நாட்டில் லூசியன் தில்கென்ஸ் என்னும் பொறியியற் பேராசிரியர் இருந்தார். அவருடைய மகன் மண்பாதைப் பந்தயத்தில் ஓட்டிவந்தான். கரடுமுரடான பாதையில் மகன் படும் பாட்டைக் கண்ட தந்தை, பின்கரத்தை முக்கோண வடிவில் அமைத்து, ஒரே நீண்ட ஷொக்கை ஆசனத்தின் கீழே கிடையாகப் பொருத்தினார். சில்லு முன்னையினும் அதிக தூரம் மேலும் கீழும் செல்ல இது வழிசெய்தது. யமஹா நிறுவனம் அவ்வமைப்பை ஏற்றுக்கொண்டது. 1973இல் சுவீடன் நாட்டு ஹோகன் அன்டர்சன், அதனைப் பூட்டிய வண்டியில் 250 சீசீ உலக வெற்றிக் கிண்ணத்தைப் பெற்றார். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானியர் நெம்புகோல் இணைப்புகளையும் சேர்த்தனர். இவ்விணைப்புகளால் சிறு கற்களுக்கு மெல்லென இசைந்து கொடுக்கும் பின்புறம், பெரிய அடிக்குப் படிப்படியாக இறுகி நிற்கிறது.

இன்று உலகெங்கும் மண்பாதைப் பந்தய வண்டிகளின் ஆசனத்தின் கீழே ஒற்றை ஷொக் நிற்கிறது. அதன் பின்னால் ஒரு தந்தையின் கவலை இருக்கிறது என்பதை நாம் இளைஞரிடம் கூறினோம். அவர் தம் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார்.

அளவுநாடாவும் ஒரு துண்டுச் சோக்கும்

பாஸ் அளக்கத் தொடங்கினார். அதற்கு வேண்டிய கருவிகள் தையற்காரரின் அளவுநாடாவும் ஒரு துண்டுச் சோக்குமே. வண்டியைத் தூக்கிப் பின்சில்லை அந்தரத்தில் தொங்கவிட்டார். சில்லின் அச்சிலிருந்து நேர்மேலே பின் மட்காட்டில் சோக்கால் ஒரு புள்ளியிட்டார். இடைவெளி 600 மில்லிமீற்றர். பிறகு வண்டியைத் தரையில் இறக்கி அளந்தார். இறுதியில் இளைஞர் தம் சப்பாத்து, தலைக்கவசம் யாவற்றோடும் ஏறி அமர, மூன்றாம் முறை அளந்தார்.

தன் பாரத்தால் மட்டும் வண்டி தாழும் அளவைத் தனித்தாழ்வு என்றும், ஆள் ஏறியபின் தாழும் மொத்த அளவை ஆள்தாழ்வு என்றும் நாம் கூறுவோம். பின்சில்லு மேலும் கீழுமாக ஏறத்தாழ 300 மில்லிமீற்றர் அசையக்கூடிய மண்பாதை வண்டிக்கு ஆள்தாழ்வு 100 மில்லிமீற்றர் அளவிலும், தனித்தாழ்வு 30 முதல் 40 மில்லிமீற்றர் வரையிலும் இருப்பது பொது வழக்கம். தார்த்தடத்தில் ஓடும் பந்தய வண்டிக்குச் சில்லின் அசைவே குறைவாதலால் ஆள்தாழ்வு 30 மில்லிமீற்றர் போதும். தாழ்வு ஏன் வேண்டும் என்று கேட்கலாம். சில்லு மேலே எழும்புவதற்கு மட்டுமன்றி, பள்ளம் வந்தால் கீழே இறங்கித் தரையைப் பற்றுவதற்கும் இடம் வேண்டுமல்லவா?

முதல் அளவில் ஆள்தாழ்வு 70 மில்லிமீற்றரே வந்தது. பாஸ் சுருள்வில்லின் மேலுள்ள வளையத்தைத் தளர்த்தி, அதனை 100க்குக் கொண்டுவந்தார். பிறகு இளைஞரை இறங்கச் சொல்லித் தனித்தாழ்வை அளந்தார். 52 மில்லிமீற்றர்!

"தம்பி, உன் வில் மிகவும் கடினம். உன் பாரத்துக்கு ஏற்றதன்று."

இளைஞர் திகைத்தார். வண்டியை விற்றவர், பந்தயத்துக்கென்றே கடின வில் பூட்டியிருப்பதாகப் பெருமையாகக் கூறினாராம். அதைவிடக் கடினமான வில்லோடு கூடிய ஷொக்கையே இவரும் வாங்க எண்ணியிருந்தார்.

கடினமே சிறப்பா?

இங்கே ஒரு சிறு புதிர் உண்டு. வாசகர்கள் நின்று சிந்திக்கலாம். ஆள்தாழ்வைச் சரியாக வைத்தபின் தனித்தாழ்வு மிகுந்திருந்தால் வில் கடினம். குறைந்திருந்தால் வில் மெலிது. முதற்பார்வைக்கு இது தலைகீழாகத் தோன்றும். காரணம் இதுதான்: மெலிந்த வில் ஆளின் பாரத்துக்கு மிகவும் அமிழ்ந்துவிடுவதால், வளையத்தை இறுக்கி அதனை முன்கூட்டியே நெருக்க வேண்டியிருக்கிறது. அவ்வாறு நெருக்கிய வில், ஆளில்லாதபொழுது வண்டியை உயரத் தூக்கிவிடுகிறது. கடின வில்லுக்கோ வளையத்தைத் தளர்த்த வேண்டியிருக்கிறது. ஆகவே ஆளில்லாமலே வண்டி அமிழ்கிறது. வளையத்தைத் திருகுவதால் வண்டியின் உயரம் மாறுமேயன்றி, வில்லின் கடினம் மாறாது. இதனை அறியாமல் வளையத்தை மட்டும் திருகித் திருகி ஏமாறுவோர் பலர்.

வெளிநாட்டில் இவ்வகை வண்டிகள் பெரும்பாலும் 70 அல்லது 75 கிலோ எடையுள்ள ஓட்டுநரை எண்ணியே வில் பூட்டப்படுகின்றன. நம் இளைஞரின் எடை 56 கிலோ. தோட்டத்தில் வளர்ந்த மெல்லிய உடல். அதன் மேல் மற்றொருவர் பூட்டிய கடின வில். கல்லில் ஏறிய சில்லு அமிழாமல் வண்டியையே தூக்கி எறிந்ததில் என்ன வியப்பு!

அவ்விடத்திலிருந்த வேறோர் இளைஞர் ஒரு யோசனை கூறினார்: "வில்லில் இரண்டு சுற்றை வெட்டிவிட்டால் இளகிவிடாதா?" பாஸ் சிரித்தார். வில்லை வெட்டினால் அது இளகாது, இறுகும். எட்டுச் சுற்றுள்ள வில்லில் இரண்டை வெட்டினால், அதன் கடினம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். வெட்டும் தீயின் சூட்டில் உருக்கின் பதமும் கெட்டு, ஒருநாள் ஓட்டத்தின் நடுவே முறியவும் கூடும். இப்பக்கங்களைப் படிக்கும் இளைஞர் எவரும் அவ்விபரீதத்தைச் செய்யாதிருப்பாராக.

ஷொக்கைக் கழற்றியபொழுது மற்றைக் குறைகளும் வெளிப்பட்டன. நெம்புகோல் இணைப்பின் பேரிங்குகள் துருவேறி, கையால் அசைத்தாலும் அசைய மறுத்தன. எத்தனை விலையில் புதிய ஷொக் பூட்டினாலும், இணைப்பு இறுகியிருந்தால் பயன் யாது? மழைக்காலச் சேறும், கச்சான் காற்று வீசும் மாதங்களின் செம்புழுதியும் பேரிங்குகளின் பகைவர்கள். ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் கழற்றித் துடைத்து கிறீஸ் இடுபவரின் வண்டிக்கு இந்நோய் வருவதில்லை.

நைதரசனைத் தேடி

பாஸின் தீர்ப்பு இவ்வாறு அமைந்தது. ஷொக்கின் உருளையும் தண்டும் நல்ல நிலையில் இருக்கின்றன; தண்டில் கீறலில்லை. ஆகவே முழு ஷொக்கும் வாங்க வேண்டியதில்லை. இளைஞரின் பாரத்துக்கு ஏற்ற மென்மையான வில் ஒன்று, புதிய எண்ணெயும் சீல்களும், நைதரசன், இணைப்புக்குப் புதிய பேரிங்குகள். இவை போதும்.

நைதரசனுக்கு மட்டும் ஷொக்கைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டியிருந்தது. டயர்க் கடைகளிலும் நைதரசன் கிடைக்கிறதே என்று நாம் கேட்டோம். டயருக்கு வேண்டிய அழுத்தம் வேறு. ஷொக்குக்கு அதைவிடப் பன்மடங்கு அழுத்தம் வேண்டும். அதற்கெனத் தனிக் குழாயும் அழுத்தமானியும் உண்டு என்று விளக்கினார். அழுத்தம் நிறைந்த ஷொக்கை வீட்டில் வைத்துத் திறப்பது அடுப்பிலுள்ள பிரஷர் குக்கரின் மூடியைப் பலவந்தமாகத் திறப்பதைவிடக் கொடிது என்பதையும் இங்கே எச்சரிக்கையாகக் கூறிவைக்கிறோம்.

பொதி பஸ்ஸில் சென்று பத்து நாட்களில் திரும்பியது. புதிய வில்லோடு பூட்டி அளந்தபொழுது ஆள்தாழ்வு 100, தனித்தாழ்வு 37. பாஸ் சங்கிலியையும் தளர்த்திச் சரிசெய்தார். பின்கரம் அசையும்பொழுது சங்கிலியின் இறுக்கமும் மாறுவதால், சங்கிலி மிக இறுகியிருந்தால் அதுவே சில்லைக் கட்டிப்போட்டுவிடும். வில் மெலிந்ததால், அது மீண்டு எழுவதைத் தடுக்கும் எண்ணெய்த் தடையையும் இரு 'கிளிக்' குறைத்தார்.

"இன்றிலிருந்து ஒரு கொப்பி வைத்துக்கொள். எந்தத் திருகை எத்தனை கிளிக் திருப்பினாய் என்று எழுது. ஒரு தடவைக்கு ஒரு திருகை மட்டும் தொடு. இரண்டைத் தொட்டால் எது மருந்து, எது நோய் என்று தெரியாமற் போய்விடும்" என்றார்.

பத்தனையில் ஒரு காலை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, உரியவரின் அனுமதியோடு ஒரு பத்தனைப் புல்வெளியில் வண்டியை ஓட்டிப் பார்த்தனர். நாமும் சென்றிருந்தோம். நமுனுகுலவின் உச்சியில் அப்பொழுதும் பனி கலையவில்லை.

முதற் சுற்றில் பெரிய வேறுபாடெதுவும் நமக்குத் தோன்றவில்லை. இரண்டாம் சுற்றின் முடிவில் இளைஞர் வந்து நின்று, அடுத்தடுத்து வரும் மேடுகளில் பின்புறம் படிப்படியாகத் தாழ்ந்து போவதாகக் கூறினார். எண்ணெய்த் தடை மிகுந்திருந்தால் அவ்வாறு நேரும். ஒரு மேட்டில் அமிழ்ந்த வில் மீளுமுன்னரே அடுத்த மேடு வந்துவிடுகிறது. தடை குறைந்தாலோ வில் சட்டென்று மீண்டு உதைக்கும். பாஸ் ஒரு கிளிக் மட்டும் குறைத்தார். கொப்பியில் அது எழுதப்பட்டது.

பிறகு அவர் ஓட்டியதைத்தான் நாம் காண வந்திருந்தோம். நான்காவது சுற்று, ஐந்தாவது, ஆறாவது. ஆறாவது சுற்றிலும் பின்சில்லு முதற் சுற்றைப் போலவே மேட்டைத் தழுவி இறங்கிற்று. வேகம் வியக்கத்தக்கவாறு கூடிவிட்டது என்று நாம் கூறமாட்டோம். ஓட்டுபவரின் தோள்கள் தளர்ந்திருந்தன. கைகள் பிடியை இறுக்கிப் பற்றவில்லை. வண்டியோடு போராடியவர், அன்று அதன் மேல் அமர்ந்து ஓட்டினார்.

தாயின் கேள்வி

அன்று மாலை இளைஞரின் இல்லத்துக்கும் சென்றோம். தேநீர் தந்த அந்த அம்மையாருக்கு நம் வருகையில் மகிழ்ச்சி இருந்ததோ இல்லையோ, பாஸிடம் கேட்பதற்கு ஒரு கேள்வி இருந்தது: "இனி என் மகன் விழமாட்டானா பாஸ்?"

அக்கேள்வியின் பின்னணியை நாம் அறிவோம். 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளர் நடுவே பாய்ந்தது. 7 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் குழந்தையும் ஒன்று. இருபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். அச்செய்தியைக் கேட்ட நாள்முதல் ஊவாவின் தாய்மார்களுக்குப் பந்தயம் என்ற சொல்லே நெஞ்சைக் கலக்குகிறது. ஒருவருடைய வண்டி எத்துணைச் செம்மையாக இருந்தாலும், பாதையோரத்தில் உறுதியான தடுப்பும், மக்கள் நிற்பதற்குப் போதிய தொலைவும், அந்தத் தொலைவை மதிக்கும் கூட்டமும் இல்லாவிடில் பந்தயம் விளையாட்டாகாது. வேடிக்கை பார்க்கச் செல்லும் குடும்பங்களும், பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு பாதையின் விளிம்புக்குச் செல்லும் தந்தையரும் இதனை மறவாதிருக்க வேண்டும்.

பாஸ் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு கூறினார்: "விழமாட்டான் என்று சொல்ல எனக்கு வாய் வராது அம்மா. வண்டி இனி அவனைத் தூக்கி எறியாது. அதை மட்டும் சொல்லலாம். மற்றதெல்லாம் அவன் புத்தியில்தான் இருக்கிறது."

அம்மையார் தலையசைத்தார். பொய்யான ஆறுதலைக் காட்டிலும் அந்த மறுமொழி அவருக்குப் பிடித்திருந்தது போலும்.

இளைஞர் எழுந்து உள்ளே சென்று, ஒரு கடித உறையைக் கொண்டுவந்து தாயின் கையிற் கொடுத்தார். வில்லுக்கும் பேரிங்குக்கும் எண்ணெய்க்கும் செலவானது போக, மார்புக் கவசமும் கழுத்துக் காப்பும் வாங்கியது போக, மிஞ்சிய சீட்டுப் பணம் அதில் இருந்தது. முழு ஷொக்கும் வாங்கியிருந்தால் அந்த உறை வெறுமையாகவே இருந்திருக்கும். அம்மையார் எண்ணிப் பார்க்கவில்லை. நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். சென்ற மழைக்கு ஒழுகிய இடத்தில் சாக்கு ஒன்று செருகப்பட்டிருந்தது.

"நாலு தகடு வாங்கலாம்" என்றார்.

பந்தயத்துக்கு ஆயத்தமாகும் இளைஞர்களுக்கு நாம் கூறக்கூடியது சிறிதே. விலையுயர்ந்த பொருளைத் தேடி ஓடுமுன்னர், இருக்கும் பொருளை அளந்து பாருங்கள். உங்கள் உடலின் பாரத்தை அறியுங்கள். அதற்கேற்ற வில்லைத் தேடுங்கள். பேரிங்கைத் துடையுங்கள், எண்ணெயை மாற்றுங்கள், ஒரு கொப்பி வாங்குங்கள். அதன் பின்னும் பணம் மிஞ்சுமானால், அதற்கு வேலை கொடுக்க வீட்டில் ஒருவர் காத்திருப்பார்.